உச்சி மோந்தால் வெறும் காற்று

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூண்டு கழுவுவேன், தீனி வைப்பேன், எது குட்டி போட்டது என்று சொல்வேன். ஒரு சோதனைக்காகச் சில தாய் எலிகளின் மூக்கில் மருந்து விட்டு மோப்பத்தை அழித்திருந்தார்கள். ஏற்கெனவே குட்டி வளர்த்தவை அதைச் சட்டையே செய்யவில்லை. சிதறிக் கிடந்த குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்துவிட்டன. தலைப்பிரசவக்காரி ஒருத்தி மட்டும் தன் குட்டிகளைத் தாண்டிப் போய்த் தீனி தின்றாள். குட்டிகள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவை கத்துவது மனிதர் காதுக்கு எட்டாது. அந்த அமைதியில் நின்று அவளை மனதாரத் திட்டினேன்.

அப்போது எனக்கு நிறைமாதம். விடுப்பில் வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயிற்று, கூடவே வாசனையும் போயிற்று. கற்பூரத்தை மூக்கில் தேய்த்தாலும் ஒன்றுமில்லை.

பையன் பிறந்தான். வந்தவர்கள் எல்லாம் அவன் உச்சி மோந்து கிறங்கினார்கள். நானும் மோந்தேன். வெறும் காற்று. எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்தாலும், யாரோ என்னிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போன பிள்ளையாகவே இருந்தான். யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொட்டிலில் அவன் வாய் திறந்து திறந்து மூடியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

தேனாம்பேட்டையிலிருந்து வந்த அக்கா, மூன்று பெற்றவள், வாசலிலேயே கத்தினாள்: "இன்னாடி, புள்ள தொண்ட கிழிய அயுவுது, நீ பாட்டுக்குத் துன்னுகினு கீற?"

அதற்குப் பிறகுதான் அழுகை என் காதில் விழுந்தது.

அக்கா, "வா நைனா" என்று அவனைத் தூக்கித் தோளில் சாய்த்தாள். எனக்கு அந்தத் தலைப்பிரசவக்காரி ஞாபகம் வந்தது. நான் விடுப்பு எடுக்கும் முன் அவள் கூண்டில், குட்டி வளர்த்துப் பழகிய தாய் ஒன்றை விட்டிருந்தார்கள். அது செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளும் குட்டி தூக்கத் தொடங்கினாள். அக்காவைப் பார்த்து நானும் அப்படித்தான். கழுத்தின் கீழ் கை, முகம் தோளில், அதே "வா நைனா". பாசமா நடிப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எலியிடம் யாரும் கேட்கவில்லை.

வாசனை இன்னும் திரும்பவில்லை. பையன் மயிலாப்பூரில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் மறுபடி எலிகளிடம் போகிறேன். பள்ளி விட்டதும் ஒரே சீருடையில் பிள்ளைகள் திமுதிமுவென்று வருகிறார்கள். கொஞ்ச நேரம் எனக்கு எல்லா முகமும் ஒன்றுதான். கூப்பிடப் பயந்து அப்படியே நிற்பேன்.

அதில் ஒருவன் ஓடி வந்து என் இடுப்புச் சேலையில் மூக்கைப் புதைத்து மூச்சிழுப்பான்.

"அம்மா, எலி வாசன."

பிறகுதான் அவனைத் தூக்குவேன்.