நடந்தவருக்கு ஒரு வினைச்சொல்

முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் ஒரு நீதிமன்றத்தில் எனக்குத் துபாசி உத்தியோகம். தமிழில் சொல்வதை இங்கிலீசிலும் இங்கிலீசில் சொல்வதைத் தமிழிலும் ஆக்கிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எனக்கு அதற்குப் போதுமான இங்கிலீசு இருந்தது என்று நம்பியிருந்தேன். என்னை நியமித்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஒருநாள் காலை கூண்டில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளி. முப்பது வயதிருக்கும். தோளில் கறுப்புக் கம்பளி. பிரசவம் சிக்கலாகி அவருடைய மனைவியைத் தோட்டத்து லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறார்கள். இவர் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில், பின்னேரம்தான் பார்க்கலாம் என்று திருப்பிவிட்டார்கள். ஊரில் தெரிந்தவர் யாருமில்லை. அதனால் பொழுது போகும்வரை வாவிக்கு மேலே வெள்ளைக்காரர் பங்களாக்கள் இருக்கும் தெருவில் மேலும் கீழும் நடந்திருக்கிறார். ஒரு கம்பளி தன் வாசலை இரண்டாந்தரம் கடப்பதை ஜன்னலில் இருந்து கண்ட ஒரு சீமாட்டி பொலிசுக்கு ஆளனுப்பிவிட்டார். மனைவியைப் பார்க்க வேண்டிய பின்னேரத்தை அவர் பொலிஸ் அறையில் கழித்தார்.

இதையெல்லாம் வழக்குத் தொடங்குமுன் அவரே என்னிடம் சொன்னார்.

"பொஞ்சாதி உசுரோட இருக்காளான்னே தெரியலீங்கய்யா. இத மட்டும் கோட்டுத் தொரைகிட்ட சொல்லிருங்க."

"சொல்லுறன். ஆனா அவர் கேட்டாத்தான் நான் சொல்லலாம்," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. பொலிஸ் சார்ஜன் எழுந்து, வேலையின்றிச் சுற்றித் திரிந்தார் என்று குற்றத்தைப் படித்தார். அதற்கு அவர் வைத்திருந்த சொல் 'லாய்ட்டர்'. இலண்டனிலிருந்து புதிதாக வந்திருந்த நீதவான், கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அந்த இடத்தில் என்ன செய்தாய் என்று கேட்டார்.

"சும்மா நடந்துக்கிட்டு இருந்தேங்க."

நான் 'வாக்' என்று மொழிபெயர்த்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்போது கறுப்புக் கோட்டு வக்கீலான பிரக்கராசியார் ஒருவர் யாரும் கேட்காமலே எழுந்து, குற்றவாளிக்காகத் தான் பேசப்போவதாக அறிவித்தார். வீடு அம்பிட்டியவில். மனைவியோடு சண்டை போடுவதும் இங்கிலீசில்தான் என்று ஊரில் பேச்சு. புதிய நீதவானிடம் தன் இங்கிலீசைக் காட்ட அவர் பல நாளாக வழக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

"கனம் நீதவான் அவர்களே, துபாசி 'வாக்' என்கிறார். 'வாக்' என்பது பால்காரனும் செய்வது, அவனுடைய மாடும் செய்வது. சும்மா நடப்பதற்குச் சரியான சொல் 'ஸ்ட்ரோல்'."

நீதவான் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே தெருவில் பின்னேரந்தோறும் பிரம்பும் நாயுமாக அவர் செய்வதும் 'ஸ்ட்ரோல்'தான்.

"'ஸ்ட்ரோல்' செய்ய ஒருவருக்கு ஓய்வு வேண்டுமே," என்றார்.

"முழுநாளும் ஓய்வு இருந்தது. எந்த நோக்கமும் இல்லாமல் நடந்தார். அதுதான் அதன் அழகு."

நோக்கமில்லை என்று குற்றவாளியின் பக்கமே ஒப்புக்கொண்டதில் சார்ஜனுக்குப் பெரிய மகிழ்ச்சி. நோக்கமில்லாமல் நின்று நின்று போனால் அது 'லாய்ட்டர்' அல்லாமல் வேறென்ன என்று கேட்டார். பிரக்கராசியார் 'ராம்பிள்' என்றார். அது காடுமேடெல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது, டவுனுக்குப் பொருந்தாது என்று நீதவான் தள்ளிவிட்டார். சார்ஜன் 'ப்ரௌல்' என்று எடுத்துவிட்டார். அது இரைதேடும் சிறுத்தைக்கு உரியது என்று நீதவான் அன்போடு திருத்தினார். மூவருக்கும் நேரம் இனிமையாகப் போய்க்கொண்டிருந்தது. கூண்டில் நின்றவர் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரைச்சலில் தன் மனைவியின் பேச்சு எங்கேயாவது வருகிறதா என்று தேடினார் போலிருந்தது.

நான் பொறுக்கமாட்டாமல், ஏன் நடந்தார் என்று அவரைக் கேட்கலாமே என்றேன்.

"இப்போதைய கேள்வி எப்படி நடந்தார் என்பது," என்றார் நீதவான். "ஏன் என்பது பிறகு."

பிரக்கராசியாருக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. குற்றவாளி இங்கேயே நடந்து காட்டட்டும், நடையைப் பார்த்துச் சொல்லை முடிவு செய்யலாம் என்றார். நீதவானுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கூண்டைத் திறந்துவிட்டார்கள்.

"உன்னை நடக்கட்டாம்," என்றேன்.

"நடக்கட்டுங்களா?"

"ஓம், நட."

அவர் நடந்தார். கூண்டுக்கு நேரே வாசல். பிரக்கராசியார் இடது காலைக் கவனிக்கும்படி நீதவானை வேண்டினார். நீதவான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரர், நீதவானின் கட்டளைதானே என்று, ஒதுங்கி வழிவிட்டார். மூவரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தபடியால், கால்கள் படியிறங்கிப் போய்விட்டன என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

பிடித்துவரச் சார்ஜனையும், தமிழ் தேவைப்படும் என்று என்னையும் அனுப்பினார்கள். சார்ஜன் அக்குறணை முஸ்லிம்; அவருக்குத் தெரியாத தமிழா? ஆனாலும் அனுப்பினார்கள்.

"மாஸ்டர், இவன் எங்க பெய்த்தீப்பான்?" என்று கேட்டுக்கொண்டே வேர்க்க வேர்க்க வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான். மனுசி பிள்ளைப்பேறுக்கு வந்து கிடக்கிறா."

"அத ஏன் கோட்டுல செல்லல்ல?"

"நீங்கள் ஆரும் கேட்கேல்லை."

அவர் நடையை எட்டிப் போட்டார்.

நான் சொன்னபடியே பிரசவ வார்டின் வாசலில் புசல்லாவைக்காரர் நின்றார். பின்னேரம் வா என்று காவலாள் மறித்துக்கொண்டிருந்தான். சார்ஜன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்.

"இவன் கைதி. உள்ளுக்கு வெச்சுத்தான் நான் புடிக்கோணும். கதவத் தொற."

சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் காக்கிச்சட்டைக்குக் கதவு திறந்தது. அந்த மனுசி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய பெண்குழந்தை. புருஷன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து எங்க போயிருந்தீங்க?" என்றாள்.

"இங்கதான். சும்மா நடந்துக்கிட்டு இருந்தேன்."

சார்ஜன் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைது செய்ய அவருக்கு அவசரம் இருக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிமன்றம் மீண்டும் கூடியது. ஏன் ஓடினாய் என்று நீதவான் கேட்டார்.

"ஓடலீங்க. நடன்னாங்க, நடந்தேன். நில்லுன்னு யாரும் சொல்லலீங்களே."

இதை நான் ஒரு சொல்லும் சிந்தாமல் மொழிபெயர்த்தேன். நீதவானுக்கு முகம் சிவந்தது. தப்பியோடினார் என்று எழுதினால், யாருடைய கட்டளையில் தப்பியோடினார் என்று கொழும்பில் கேட்பார்கள். கொஞ்சம் யோசித்து, குற்றவாளி 'வித்ட்ரா' செய்தார் என்று எழுதச் சொன்னார். அவர் நாட்டில் இராச்சாப்பாட்டு மேசையிலிருந்து சீமாட்டிகள் எழுந்து போவதற்கு வழங்கும் சொல் அது. வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு எழுந்து போனார். நோக்கத்தைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை.

மிகவும் நொந்துபோனவர் பிரக்கராசியார்தான். சாப்பாட்டு வேளையில் அகராதி பார்த்து இன்னும் நாலு சொல்லோடு வந்திருந்தார். அவற்றை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்.

புசல்லாவைக்காரர் படியில் நின்று கம்பளியைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"அய்யா, அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு என்னயத் திட்டினாருங்களா, காப்பாத்தினாருங்களா?"

"ரெண்டும் இல்லை," என்றேன். "அவர் இங்கிலீசு பேசினவர்."

அவர் தலையாட்டிவிட்டு, கும்பிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்.