திருப்பிக் கட்டிய கிற்றார்

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது கனடாவிலிருந்து வந்த சித்தி ஒரு சின்னக் கிற்றாரைத் தந்துவிட்டுப் போனார். பெரியவர்கள் மடியில் வைத்தால் விளையாட்டுச் சாமான்போல இருக்கும். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. ஒரேயொரு குறை, நான் அதை எடுத்த எடுப்பிலேயே இடக்கையால் மீட்டினேன்.

எங்கள் வீட்டில் அது நடக்காது. சாப்பிட இருக்கும்போது இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். என் இடக்கை பாதி நேரம் என் பாரத்தைத் தாங்கியே வளர்ந்தது. கிற்றாரும் சோத்துக்கையால்தான் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைகளில் மானிப்பாயில் ஒரு மாஸ்ரரிடம் வகுப்பு. மூன்று மாதமாக என் வலக்கை கம்பிகளைக் கோழி குப்பை கிளறுவதுபோலக் கிளறியது. கலைவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் மாஸ்ரர் அம்மாவிடம், பிள்ளை வாசலில் நின்று வாறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கட்டுமே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். வகுப்பில் மற்ற ஐந்து பேரும் மேடையில், நான் பன்னீர்ச் செம்போடு வாசலில்.

சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே மாமாவின் கொட்டில் இருந்தது. அம்மாவின் தம்பி. தோட்டக்காரரின் தண்ணிப் பம்புகளைத் திருத்துவதுதான் அவருக்குத் தொழில். நான் அங்கே போய் அழுதேன். உனக்கு வசதியானபடி ஒருக்கால் பிடித்துக் காட்டு என்றார் மாமா. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையைத் திருப்பேலாது. கிற்றாரைத் திருப்புவம்" என்றார்.

அம்மாவிடம் கம்பி மாற்றுவதாக மட்டும் சொன்னோம். அது பொய்யில்லை. தடித்த கம்பி இருந்த இடத்துக்கு மெல்லியதும், மெல்லியது இருந்த இடத்துக்குத் தடித்ததும் வரவேண்டும். அடியில் கம்பிகளைத் தாங்கிச் சரிவாக இருந்த வெள்ளைத் துண்டை மாமா மறுபக்கம் சரியும்படி மாற்றினார். தோள்வாரை மாட்டுவதற்கு ஒரு பம்பு ஆணியை மற்றப் பக்கத்தில் பூட்டினார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் அமரும் வெட்டுகள்தான் மக்கர் பண்ணின. ஒடுங்கிய வெட்டுகளை அரத்தால் அகலமாக்கிவிட்டார். அகலமான வெட்டுகளில் மெல்லிய கம்பி ஆடியது. மீட்டினால் போத்தலுக்குள் அகப்பட்ட இலையான் சிறகடிப்பதுபோல இரைந்தது.

போனில் பார்த்த ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட வெட்டில் ஏதோ வெள்ளைத் தூளைப் போட்டு அதன்மேல் பசை விட்டு அடைத்தார். அவர் கதைத்தது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அது சீனிதான் என்று மாமா தீர்மானித்தார். மறுநாள் காலையில் கிற்றாரின் வயிற்றுக்குள்ளிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சிந்திய சீனி முழுவதும் உள்ளே போயிருந்தது. அரைநாள் அதைக் கவிழ்த்துத் தட்டினோம். பிறகு நான் சித்திக்கு அழைத்துக் கேட்டபோதுதான் அந்தத் தூள் அப்பச்சோடா என்று தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அப்பம் பொங்கவேயில்லை. அம்மா காலியான போத்தலை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார். மாமா பம்பு ஒன்று அவசரம் என்று எழும்பிப் போனார்.

கிற்றார் இப்போது என் கை சொன்னபடி கேட்டது. மாமா மானிப்பாய்க்குப் போய் மாஸ்ரரிடம் பிள்ளை தேறிவிட்டாள் என்று கெஞ்சி, என்னைக் கடைசி ஆளாகச் சேர்த்துவிட்டார். என்ன செய்து தேறினாள் என்பதை அவர் சொல்லவில்லை.

விழாவன்று தலைமை தாங்கிய பெரியவர், பிள்ளைகளுக்கு முன்னம் மாஸ்ரர் ஒன்று வாசிக்கட்டும் என்று திடீரென்று அறிவித்தார். மாஸ்ரரின் கிற்றார் மேடையின் மற்றப் பக்கம் இருந்தது. அவர் கைக்கெட்டிய என்னுடையதை வாங்கி, சபையைப் பார்த்துச் சிரித்தபடியே ஓங்கி ஒரு அடி அடித்தார். தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததுபோல ஒரு சத்தம். சிரிப்பை மாற்றாமல் இன்னொரு தரம் அடித்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அப்போதுதான் குனிந்து கம்பிகளைப் பார்த்தார்.

"உதை ஆர் உப்பிடிப் பூட்டினது?" என்று மெல்லக் கேட்டார்.

"பம்பு திருத்திற மாமா" என்றேன். பக்கத்தில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையில் நின்ற மாமா குனிந்து செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். மூன்றாம் வரிசையில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முறை வந்தபோது எனக்குச் சபையைப் பார்த்துப் பயமில்லை, அந்த மூன்றாம் வரிசையைப் பார்த்துத்தான் பயம். ஆனாலும் இடக்கையால் வாசித்தேன். ஒரு இடத்தில் தடுமாறி, திரும்பப் பிடித்து, முடித்தேன். கை தட்டினார்கள். மாஸ்ரரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா ஏசவில்லை. இரவுச் சாப்பாட்டில் என் இடக்கை வழக்கம்போலத் தொடைக்குக் கீழே போனபோது, "எடுத்து மேலை வை, பரவாயில்லை" என்றார். நான் எதையோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்து அப்படியே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரியூசன் முடிந்து வந்தபோது அம்மா கட்டிலில் தனியே இருந்தார். மடியில் என் கிற்றார். அதன் கழுத்து அவரின் வலக்கைப் பக்கம் நீட்டியிருந்தது. இடக்கைப் பெருவிரல் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழே ஒரே சீராகத் தடவி வந்தது. எனக்கு அந்தத் தடவல் வர மூன்று நாள் எடுத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, மாறிப் பிடிச்சிருக்கிறியள். நான்தானே பீச்சங்கை. நீங்கள் சோத்துக்கையாலை அடியுங்கோ."

அவர் சொன்னபடி மாற்றிப் பிடித்தார். கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. கம்பிகள் இரைந்தன. "எனக்கு உது வராது பிள்ளை" என்று கிற்றாரை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் கொட்டிலுக்கு ஓடினேன். அம்மாவுக்குக் கிற்றார் பிடிக்கவே தெரியாது, எந்தக் கை என்றும் தெரியாது என்று மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். தன் அக்காவைப் பற்றி என்ன பகிடி சொன்னாலும் முதலில் சிரிப்பவர் அவர். அன்று கழற்றிய பம்பைப் பார்த்தபடியே இருந்தார். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டதாக்கும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக முழுவதையும் திரும்பச் சொன்னேன்.