மலையிடுக்கைத் தலைகீழாகச் சுற்றியவர்கள்

நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் குழாய்களுக்குச் சரிவு கணக்கிட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. அந்தச் சரிவுக்குத் தொழிலில் வாட்டம் என்று பெயர். அது கொஞ்சம் பிசகினாலும் ஊரே மூக்கைப் பிடிக்க வேண்டியதுதான். ஆபீசில் அவளை எல்லோரும் வாட்டக்கா என்றே கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறைத் தரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். அப்புறம்தான் நலம் விசாரிப்பாள்.

அவள் புருஷன் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். வாரமெல்லாம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை வந்தால் சைக்கிளை எடுத்துவிடுவார். அவர் முன்னால், இவள் பின்னால். போன வருஷம் ஒரு இறக்கத்தில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு ஒட்டிவிட்டது, மனசுதான் ஒட்டவில்லை. அதற்கப்புறம் கிளம்பிய தடவையெல்லாம் பாதியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி அவளுடைய தம்பி வந்து நின்றான். வந்தவன் சும்மா இருக்காமல், சீட்டின் உயரத்தைத் தன் இடுப்போடு ஒட்டி அளந்து பார்த்தான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் அவர். "அந்த மலையிடுக்குப் பூங்காவைச் சுத்திட்டு வரலாம். நடுவுல இறங்கிட்டேன்னா மச்சானே எடுத்துக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளில் போகும்போது அவர் வேறு ஆள். வாய்விட்டுப் பாடுவார், எதிரே வருகிற மாட்டுக்கெல்லாம் வணக்கம் வைப்பார். சைக்கிள் கைமாறினால் அந்த ஆளும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சரி, அவர் இறங்காமல் சுற்றிவர வழியை நாமே வகுத்துவிடுவோம் என்று இறங்கினாள்.

ஆறு அறுத்து அறுத்து உண்டாக்கிய பெரும்பள்ளம் அது. அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டு தார்ச்சாலை போய், கிளம்பிய வாசலுக்கே திரும்பி வருகிறது. ஒரு பக்கம் நீண்ட, மெதுவான ஏற்றம். மறுபக்கம் சரேலென்று இறக்கம். வருகிறவர்கள் எல்லோரும் அப்படி ஏறி, இப்படிக் கத்திக்கொண்டு இறங்குவார்கள். அதையே திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு நமைச்சல். தம்பியின் காரை அவனையே ஓட்டவைத்து, அரை பாட்டில் தண்ணீரை முன்கண்ணாடிக்குக் கீழே படுக்கவைத்தாள்.

"நிறுத்துடா. தண்ணி இந்தப் பக்கம் சாயுது பாரு."

"அக்கா, எல்லாரும் இங்க வேடிக்கை பாக்க வருவாங்க. நீ பாட்டில் பாக்க வந்திருக்க!"

அன்று மாலைக்குள் அந்தச் சாலை அவளுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. தலைகீழாகச் சுற்றினால் செங்குத்தை ஏறிவிடலாம். இறக்கம் குழந்தைகூட இறங்குகிற வாட்டம். அதைவிட முக்கியம், பள்ளம் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடும். தங்கள் பக்கம் முழுக்கப் பாறைச் சுவர். அதலபாதாளம் கண்ணில் படாது. கெட்டிக்காரிதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

புறப்பட்ட அன்று செங்குத்தை நாக்குத் தள்ள ஏறினார்கள். அவர் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் இறக்கம் தொடங்கி முதல் வளைவிலேயே பிரேக் பிடித்துக் காலை ஊன்றிவிட்டார். அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பினார். அடுத்த வளைவிலும் அதே கதை. ஒரு பந்தை வைத்தால் உருளலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சரிவு, இதில் என்ன பயம்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது வளைவில் இமைக்காமல் அவரையே பார்த்தாள். பிரேக் பிடிக்கும் முன்பு அவர் ஹெல்மெட் திரும்பியது. பள்ளத்தின் பக்கம் அல்ல, பின்பக்கம்.

நேர்ச்சாலையில் கைப்பிடிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திரும்பாமல் போகிறவர், பாறை அவளை மறைக்கிற இடத்தில் மட்டும் ஏன் திரும்புகிறார்?

"ஏங்க, நீங்க பள்ளத்தைப் பாக்கலையே. என்னையத்தானே பாக்கறீங்க?"

அவர் கைப்பிடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அன்னைக்கும் அப்படித்தான். நீ வர்றியான்னு திரும்பினேன். அதுக்குள்ள சக்கரம் சரளையில ஏறிடுச்சு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வர்றதை நிறுத்திடுவ."

வாட்டத்தில் கோளாறே இல்லை. ஒரு வருஷமாக அவள் தப்பான இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். போதாததற்குப் பள்ளத்தை மறைக்கிறேன் என்று பாறையோரமாகக் கூட்டிவந்து, வளைவுக்கு வளைவு தன்னையே மறைத்து வைத்திருக்கிறாள். கெட்டிக்காரிதான்!

"நகருங்க. நான் முன்னாடி போறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் போனதே இல்லை. எதிரே அந்த அகலமான முதுகு இல்லாமல் சாலை வெறிச்சென்று இருந்தது. பெடலை மிதிக்காமல் விட்டால் அவர் சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அவர் நிற்கவில்லை.

அடுத்த வளைவில் சத்தம் நின்றுபோனது.

விழுந்துவிட்டாரா? இறங்கிவிட்டாரா? கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. ஒரு வருஷமாக அவர் கழுத்தைப் பிடித்து ஆட்டியது எது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

பக்கத்தில் காற்று விர்ரென்றது. இறக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டு அவர் அவளைத் தாண்டிப் போனார்.

"என்ன, வண்டியில மாவு மூட்டையா ஏத்தியிருக்க? இப்படி ஊர்ந்துக்கிட்டு வர்ற!"

முன்னால் வளைவு. பாறை. அழுகையும் சிரிப்புமாக அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"திரும்பிப் பாக்காதீங்க! வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அவர் திரும்பவில்லை.