பூஜையில் மூடி வைத்த லேப்டாப்

சரஸ்வதி பூஜையன்று மகள் புதுக்கோட்டைக்குப் போயிருந்தாள். ராகு காலம் வந்துவிடும் என்று அவளுக்காகக் காத்திராமல் படையலைத் தொடங்கினேன். மண்வெட்டி, கதிர் அரிவாள், அவளுடைய புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கினேன். மேசையில் லேப்டாப் திறந்து கிடந்தது. வயரைப் பிடுங்கி, மூடித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கொல்லையில் பறித்த சம்பங்கியை மேலே சார்த்தினேன்.

கற்பூரம் காட்டிய பிறகுதான் அதை மூடக்கூடாது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்கிறாள். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம் எந்த வருஷம் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர் இரண்டு நாளாக அதில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அறுந்தால் முதலிலிருந்துதானாம். லீவு முடிந்த அன்றே பேராசிரியரிடம் காட்ட வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போய்விடும்.

"தெறந்து பாக்கட்டுமா?" என்றேன் மனைவியிடம்.

"படைச்சதை மறுநா வரைக்கும் தொடக்கூடாதுன்னு என்னைய எத்தன தடவ வைஞ்சிருக்கீங்க! இப்ப நீங்களே பிரிக்கப் போறீங்களா?"

தொட்டால் தெய்வக் குற்றம். தொடாவிட்டால் பிள்ளையின் படிப்பு. மகள் வரும்வரை சாமி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "அப்பா, லேப்டாப் எங்க?"

"சாமிகிட்ட இருக்கு ஆத்தா."

எட்டிப் பார்த்தவள் முகம் வெளுத்துப் போனது. "மூடிட்டீங்களா?" என்றாள். என்னைத் திட்டவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போகத் திரும்பினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பூவை நானே எடுத்தேன். "தாயே, தப்பு என்னோடது. அவள ஒண்ணும் செஞ்சிறாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தெற ஆத்தா" என்றேன்.

திறந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது, எண்கள் மெல்ல நகர ஆரம்பித்தன.

"தூங்கத்தான் போயிருக்குப்பா. நின்ன எடத்துலேருந்து ஓடுது."

அங்கிருந்து அதை அசைக்க எனக்குத் துணிவில்லை. சாமி முன்னாலேயே வயரைச் சொருகினோம். ஃபேன் வேகம் குறையும்போதெல்லாம் கரண்டு போகிறதோ என்று ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமிப் பூஜைக்கு விளக்கேற்றும்போது கணக்கு முடிந்தது. எந்தத் தெய்வம் மன்னித்ததோ, தெரியாது. மூடியிலிருந்த குங்குமத்தை மட்டும் அவளைத் துடைக்க விடவில்லை.