ஊசி போட மறுத்த டிரசர்

எங்கள் ஈப்போ புந்தோங் வீட்டுச் சமையலறையில், மேல் அலமாரியில் ஒரு பச்சை பிளாஸ்க் இருக்கிறது. அகன்ற வாய், தகர உடம்பு, மூடியில் ஒரு நசுங்கல். வாங்கிய புதிதில் சில நாள் குடித்ததோடு சரி. அதற்குப் பிறகு போன மாதம் வரை யாரும் அதில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. ஏன் என்று கேட்கும் விருந்தாளிகளிடம் என் மகள் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொல்லிவிடுவாள். அவர்கள் தங்கள் கையிலிருக்கும் தேநீரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

எழுபதுகளில் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் மரம் சீவிக்கொண்டிருந்தேன். அங்கே மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அவர் டிரசர் ஐயா. டாக்டர் மாதத்தில் ஒரு நாள் காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் பிரசவம், பாம்புக்கடி, கத்திக்காயம் எதுவானாலும் இவர்தான். மற்ற அதிகாரிகள் எங்களை வாடி, போடி என்ற காலத்தில் ‘வாங்கோ, இருங்கோ’ என்ற ஒரே மனிதர். ஆனால் அன்றைக்கு அந்த மரியாதையையெல்லாம் நான் மறந்தேன்.

எங்களுக்குக் காய்ச்சல் என்றால் ஊசி. நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குள் பிள்ளை உடம்பு குளிர்ந்தாக வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒரு குத்துக் குத்தினால்தான் எங்களுக்கு நிம்மதி. மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது நானும் அதைத்தான் கேட்டேன். அவர் முடியாது என்றார்.

“என்னா ஐயா, ஆபீஸ் கிராணி புள்ளைன்னா குத்துவீங்க, எங்க புள்ளைன்னா மாட்டீங்களா? ஊசி இருக்குலா, நான்தான் பாக்குறேனே!” என்று கொட்டகை அதிரக் கத்தினேன்.

“பக்கத்துத் தோட்டத்திலை ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்திட்டுது. இந்தக் காய்ச்சல் திரியிற நேரம் ஊசி குத்தினா, குத்தின காலிலையே வாதம் இறங்கும். என்னை ஏசுங்கோ, பரவாயில்லை. குத்த மாட்டன்.”

ஏசினேன். மறுநாள் பட்டணத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்குப் போனால், அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் நிற்கிறார்! யார் போய்ச் சொன்னார்களோ. பஸ் வருவதற்குள் பிள்ளையை ஒருதரம் பார்க்கிறேன் என்றார். ஒரு பிஸ்கட்டை உயரப் பிடித்து எட்டச் சொன்னார். இடது குதிகால் எழும்பியது. வலது குதிகால் தரையை விடவே இல்லை. உட்கார வைத்து முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டினார். இடது கால் துள்ளியது, வலது கால் சும்மா தொங்கியது. அந்தப் பாதத்தில் லேசாகக் கிள்ளினார். பாப்பா வீரிட்டு அழுதாள், காலை மட்டும் இழுக்கவில்லை. “வலி தெரியுது, கால் கேட்கேல்லை,” என்றவரின் முகம் வெளுத்துவிட்டது. சொட்டு மருந்து கொடுத்த நாளில் கோலா கங்சாரில் நாத்தனார் கல்யாணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் நான்தான்.

அன்றே எங்களை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இளம்பிள்ளை வாதம்தான் என்று உறுதிப்படுத்தப் பிள்ளையின் மலத்தைக் குளிர் போகாமல் வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். மறுநாள் டிரசர் ஐயாவே ஆஸ்பத்திரிக்கு வந்து, எடுத்ததை ஒரு சிறு போத்தலில் அடைத்து, ஆஸ்பத்திரி வாசலில் மீன் விற்ற சீனரிடம் ஐஸ் வாங்கி, நான் ஆசையாக வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பச்சை பிளாஸ்க்கில் திணித்தார். எனக்கு அந்த அழுகையிலும் பற்றிக்கொண்டு வந்தது! பஸ்ஸில் கண்டக்டர், “என்னா ஐயா, மீனா?” என்று கேட்டாராம். “மீனைவிடப் பெறுமதியான சாமான், தம்பி,” என்றாராம் இவர்.

முடிவு வர வாரக்கணக்கானது. அவர் சொன்னதுதான் சரி. அதற்குள் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொட்டு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, காலைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஊசி போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீடு திரும்பிய பிறகு தினமும் மூன்று மணிக்கு டிரசர் ஐயா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் காலில் சுற்றுவார். பிறகு மெல்ல மடக்கி நீட்டுவார். இரண்டு வருடம்! யார் பெற்ற பிள்ளைக்கு யார் இப்படி வருவார்கள்? ஒருநாள் பாப்பா வலி தாங்காமல் அவர் மணிக்கட்டைக் கடித்தே விட்டாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். “விடுங்கோ, கடிக்கவும் பலம் வேணுமெல்லே,” என்று சிரித்தார். கடைசி நாளில்தான் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். “கொதிநீர் ஊத்தி மூண்டு தரம் கழுவினனான். இனிக் குடிக்கலாம், பிள்ளை.”

நான் குடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்று ஈப்போவுக்கு வந்தபின் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்து, “இன்னும் நம்பிக்கை வரேல்லையோ?” என்று கேலி செய்வார். தோட்டம் இன்று ரப்பர் போய், எண்ணெய் தரும் செம்பனையாகிவிட்டது. அவர் தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து, போன மாதம் காலமானார்.

இறுதிச் சடங்கு முடிந்து வந்து குளித்ததும், “அந்த பிளாஸ்க்கை எடு, அதுல தேத்தண்ணி போடலாம்,” என்றேன். மகள் பக்கத்திலிருந்த முக்காலியை இழுக்கவில்லை. கையை நீட்டி எட்டினாள். இடது குதிகால் எழும்பியது. பிறகு வலதும், ஒரு விரல் உயரம், நடுங்கிக்கொண்டே எழும்பியது.

இரண்டு பேரும் குடித்தோம். தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது, ஐயா.