சாம்பல் திரையில் என் கல்யாணம்

என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அமெரிக்காவில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். படுக்கையை விட்டே எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டே பெண்கள். அவள் இல்லாமல் என்ன கல்யாணம் என்று நான் அடம்பிடித்தேன், தேதியை மாற்ற முடியாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: மொத்தக் கல்யாணத்தையும் இன்டர்நெட்டில் ஏற்றிக் காட்டுகிறேன்.

சும்மா சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் பேஜ் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் எனக்குத் திமிரும் உண்டு, பயபக்தியும் உண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், மெனுவில் ‘சோர்ஸ்’ என்பதை அழுத்தினால் அதை எழுதியவர் தட்டிய எழுத்துகள் அப்படியே வந்து நிற்கும். ஒளிவுமறைவு கிடையாது. எந்தத் தேசத்திலோ யாரோ எழுதியதை, ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்த பிள்ளைகள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிப் பூட்டாமல் வைத்திருக்கிறார்களே என்று.

சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும் வாசற்படியில் குடும்பப் படம் எடுத்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவே இடம் விட்டு நின்றேன். “ரெண்டு ஆள் நிக்கிற எடம் கீது, கொஞ்சம் ஒட்டி நில்லும்மா” என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். நான் நகரவில்லை. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த வாரம் சென்டரில் உட்கார்ந்து படங்களை ஸ்கேன் செய்தேன். அப்போது பக்கத்தில் படங்களை வரிசையாக நிறுத்த வேறு வழியில்லை. கட்டம் கட்டமாக ஒரு டேபிள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம், கீழே ஒரு வரி. தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு ஃபான்ட் இருந்த காலம். அங்கே எப்படித் தெரியுமோ என்று பயந்து தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். என் திரையில் பார்த்தால் அவ்வளவு அழகு. ஏற்றிவிட்டு அக்காவுக்குச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் சென்டருக்கே போன் வந்தது.

“ஒண்ணுமே இல்லடி. வெறும் சாம்பல் கலர்தான் தெரியுது. எல்லாரும் பாத்தாச்சு, எனக்கு மட்டும் இல்ல.”

குரல் உடைந்திருந்தது. நானோ அவள் கம்ப்யூட்டரைத் திட்டினேன். என் பக்கத்தில் தப்பு இருக்காது என்று அத்தனை நம்பிக்கை. அத்தான் கம்ப்யூட்டரைப் படுக்கையோரமே வைத்து, அதற்குத் தனி போன் லைன் போட்டிருந்ததால் அவள் திரையைப் பார்த்தபடியே பேச முடிந்தது. வேறு வழி தோன்றாமல் ‘சோர்ஸ்’ அழுத்தி, வருவதைப் படிக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிரவுசருக்காகப் போட்ட குறிகளையெல்லாம் தாண்டித் தாண்டி, நான் எழுதிய வரிகள் அவள் வாயில் வந்தன. அப்பா கர்ச்சீஃபால் கண் துடைக்கிறார். அம்மா புதுப் புடவையில். கேக் வெட்டுகிறோம். ஒரு படமும் தெரியாத திரையிலிருந்து என் கல்யாணம் முழுவதையும் அவள் எனக்கே வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில் நிறுத்தினாள்.

“அக்காவுக்கு விட்ட இடம்.”

இரண்டு பேரும் அழுதோம். அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். ‘ஸ்லாஷ் எச்டிஎம்எல்’, வேறொன்றும் இல்லை என்றாள். அது பக்கத்தை முடிக்கும் குறி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேபிளைத் தொடங்கினால் மூடவும் ஒரு குறி வேண்டும்; அதை நான் போடவே இல்லை. என் பிரவுசர் போனால் போகிறதென்று தானே மூடிக்கொண்டு காட்டியது. அவளுடையது, மூடாத டேபிளைக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி பிரவுசர்கள், ஒன்றையொன்று முந்தப் பார்த்து இஷ்டத்துக்கு நடந்த நாட்கள் அவை. ஒரே ஒரு குறியைச் சேர்த்து ஏற்றினேன். அன்றே அவள் பார்த்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து, அன்று அக்கா வயிற்றில் இருந்தவள் விடுமுறைக்கு வந்தாள். அலமாரியில் கிடந்த பழைய சிடியிலிருந்து அந்தப் பக்கத்தைத் தன் போனுக்கு மாற்றினாள். அது அந்தக் குறியைச் சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்த பிரதி என்று எனக்குத் தெரியும், திறக்காது என்றேன். திறந்தது. ஒரு படம்கூடக் குறையாமல். பிறகுதான் விசாரித்தேன். இடைப்பட்ட காலத்தில் பிரவுசர் செய்கிறவர்கள் கூடிப் பேசி, பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மட்டுமல்ல, தப்பாக எழுதியிருந்தால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் எல்லோருக்கும் ஒரே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத யார் யாரோ, தாம்பரத்தில் ஒருத்தி மறந்ததையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அவள் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதன் மேலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அம்மாக்கு மட்டும் இவ்வளவு இடமா சித்தி?”

“ரெண்டு பேருக்கு விட்டேன்” என்றேன்.