கால் கோத்த முயல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். கொட்டகையில் இருக்கும் ஃப்ரீசரைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே இரண்டு முயல்கள் இருக்கின்றன. அவற்றின் பின்னங்கால்களைப் பாருங்கள். அதை ஒரு நாய் செய்திருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் கதை முயலில் தொடங்கவில்லை. என் நாய் மெக் சாப்பிட மறுத்ததில் தொடங்கியது.

நான் வாழ்நாள் முழுக்க வாஷிங் மெஷின் பழுது பார்த்தவன். ஒரு யந்திரம் ஓடவில்லை என்றால் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் வருகிறதா, மின்சாரம் வருகிறதா, கதவு ஒழுங்காக மூடியிருக்கிறதா. கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. மெக்கிடமும் அதையே செய்தேன். எவர்சில்வர் கிண்ணத்தில் அவள் முகமே தெரிந்து பயப்படுகிறாளோ என்று பீங்கான் தட்டுக்கு மாற்றினேன். நீண்ட கழுத்தைக் குனிய வலிக்கிறதோ என்று தட்டை முக்காலியின் மேல் வைத்தேன். தரை வழுக்குகிறதோ என்று பாய் விரித்தேன். வேகவைத்த கோழி, மத்தி மீன், கடையில் விற்கும் நாய்த் தீனி. எதையும் தொடவில்லை.

கால்நடை டாக்டர் பல்லைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், ரத்தம் எடுத்தார். "உடம்புல ஒரு குறையும் இல்லை" என்றார்.

பசி இல்லாமலும் இல்லை. தட்டை வைத்ததும் அவள் வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாள். எதற்கோ காத்திருப்பதுபோல, வெகுநேரம். கடைசியில் தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள்.

மெக் லர்ச்சர் வகை. கிரேஹவுண்டின் கால்களையும் ஆட்டுமந்தை நாயின் மூளையையும் சேர்த்தால் கிடைப்பதுதான் லர்ச்சர். எங்கள் யார்க்‌ஷயரில் அடுத்தவன் நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக முயல் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் நாய். சாம்பல் நிறம், சொரசொரப்பான முடி, விரல் விட்டு எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்புகள். காப்பகத்திலிருந்து கூட்டிவந்தபோது, "சொந்தக்காரர் இறந்துட்டார்" என்பதற்கு மேல் அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

அவள் பழக்கங்கள் ஒவ்வொன்றும் விநோதம். நான்கு காலும் கூரையைப் பார்க்க, மல்லாந்து தூங்குவாள். சந்தோஷம் வந்தால் குளிரில் நடுங்குபவளைப்போல் பற்களைக் கடகடவென்று அடிப்பாள். ஒருநாளும் குரைத்ததில்லை. சாலையில் கார் விளக்கைக் கண்டால் சட்டென்று பள்ளத்தில் இறங்கிக் கல்லாக உறைந்துவிடுவாள். திருடவும் செய்வாள். சமையல் மேடையிலிருந்து பாலாடைக்கட்டியைக் கவ்விவந்தாள். ஆனால் தின்னவில்லை. ஒரு பல் தடம்கூடப் படாமல் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

நான் அதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

காப்பகத்துப் பாலினுக்கு ஃபோன் செய்தேன்.

"இங்க தட்டையே முழுங்கிடுற மாதிரி சாப்பிட்டாளே கண்ணு!" என்றாள். சாண்ட்விச்சோ எதுவோ, வாய் நிறைய மென்றுகொண்டே பேசுவது பாலினுக்கு வழக்கம். "நீங்க சமைச்சதா? உங்க சமையல்னா நானே பட்டினி கிடப்பேன்."

"கோழி வேகவெச்சேன், பாலின். விளையாடாதீங்க."

"சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா திருப்பிக் கூட்டிட்டு வாங்க, குளூக்கோஸ் ஏத்தலாம்." பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு, கண்ணு. இன்னொரு தடவை இடம் மாத்தினா அவ தாங்குவாளான்னு எனக்கே தெரியல."

அன்று புதன்கிழமை.

இங்கே என் வீட்டைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். என் மனைவி ஐரீன் இறந்து அது இரண்டாவது டிசம்பர். சாப்பாட்டு மேஜையில் அவள் நாற்காலி அப்படியே இருந்தது. அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார என்னால் முடியவில்லை. அதனால் நான் மேஜையில் சாப்பிடுவதையே விட்டிருந்தேன். பசித்தால் கொட்டகையில் வேலை செய்தபடி நாலு பிஸ்கட், ஒரு கோப்பை தேநீர். சாணைச் சக்கரத்தின் சத்தத்துக்குப் பயந்து மெக் அங்கே வரமாட்டாள்.

இன்னொன்று, பின்கதவு. பழைய காலத்து இரும்புத் தாழ்ப்பாள். வெளியே கட்டைவிரல் வைக்க ஒரு சின்னத் தகடு உண்டு. அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் நாக்கு மேலே எழும்பிக் கதவு திறக்கும். உள்ளே கீழ்த்தாழ் ஒன்றும் உண்டு. அதை நான் இரண்டு வருடமாகப் போட்டதில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒருவேளை அவள் வந்தால்... கதவு திறந்திருக்கட்டும் என்றுதான்.

வியாழக்கிழமை.

எங்கள் ஊரில் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மல்லாந்து கிடந்த மெக் விருட்டென்று எழுந்து பின்கதவின் முன் நின்றாள்.

விசில் சத்தம் கேட்டது. இரண்டே சுரம். முதலாவது உயரம், இரண்டாவது தாழ்வு. காலிப் பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல.

தோட்டத்துக்கு அப்பால் வயல்தான். யாரோ போகிறார்கள் என்று நினைத்துக் கெட்டிலை வைக்கத் திரும்பினேன்.

கிளிக்.

திரும்பிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. மெக் இல்லை.

நாய் மூக்கால் நெம்பித் திறந்திருக்கும் என்பீர்கள். மறுநாள் நானும் சோதித்துப் பார்த்தேன். நாக்கு மூன்று அங்குலம் நேராக மேலே எழ வேண்டும். அவள் முகவாய் அந்த இடுக்கில் நுழையவே நுழையாது.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். பாதம் எல்லாம் சேறு. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வாசற்படியில் ஒரு முயல் கிடந்தது. நரி போட்டுவிட்டுப் போயிருக்கும் என்று ஃப்ரீசரில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே விசில். இன்னொரு முயல்.

இந்தத் தடவை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உடலில் பல் தடமே இல்லை. கழுத்து ஒரே திருகலில் முறிந்திருந்தது. ஒரு பின்னங்காலில், நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கத்தியால் சின்னக் கீறல். அதன் வழியாக மற்றொரு கால் செருகப்பட்டிருந்தது. வேட்டைக்காரர்கள் இப்படிக் கால் கோத்துத்தான் முயலைக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிப் போவார்கள்.

அதற்குக் கத்தி வேண்டும். கையும் வேண்டும்.

சனிக்கிழமை காலை ரெஜ் வீட்டுக்கு அதை எடுத்துப் போனேன். ரெஜ் ஜமீன் காட்டுக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்காலத்திலிருந்து சிநேகம்.

"என்னடா டெஸ், கிழட்டு வயசுல முயல் திருட ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான். "என் கையால விலங்கு மாட்டிக்கணும்னு ஆசையா?"

"சிரிக்காதடா. இதைப் பாரு."

பார்த்தான். சிரிப்பு நின்றது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"கீறல் வலது கால்ல இருக்கு."

"இருந்தா என்ன?"

"எல்லாரும் இடது கால்லதான் போடுவாங்க. வலது கையில கத்தி பிடிச்சா அப்படித்தான் வரும்." முயலைத் துணியில் சுற்றி என்னிடம் திருப்பித் தந்தான். "நீ காப்பகத்துல எடுத்தது என்ன நாய்டா?"

"லர்ச்சர்."

"நாளைக்குக் காலையில வர்றேன். நீ போ."

தேநீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று மாலை நான் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். மெக் அன்று எழுந்து நிற்கவே தடுமாறினாள். தட்டில் கோழி காய்ந்து கிடந்தது. மறுநாள் ஞாயிறு.

நாலுக்குப் பத்து. விசில்.

இந்தத் தடவை வெகு அருகில்.

தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு நாக்கு மெதுவாக... மெதுவாக மேலே எழுந்தது. யாரோ பொறுமையாக அழுத்துவதுபோல. மெக் வெளியே போனாள்.

வயலில் ஒரு சாம்பல் கோடு ஓடியது. பனிப்புல்லில் சலசலப்பு. ஒரு சின்னக் கிறீச்.

திரும்பி வந்தாள். வாயில் முயல். உயிரோடு. கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் பல் பதியாமல் பஞ்சைப்போல் பிடித்திருந்தாள்.

என்னிடம் வரவில்லை. தோட்டச் சுவரின் மூலைக்குப் போனாள். உட்கார்ந்தாள். தலையை உயர்த்தினாள்.

அங்கே யாரும் இல்லை.

முயல் அவள் வாயிலிருந்து விலகியது.

கீழே விழவில்லை.

மேலே போனது...

கடக்.

உதைத்துக்கொண்டிருந்த கால்கள் தொங்கின.

மடக்குக்கத்தி விரியும் சத்தம். பிறகு, மூடும் சத்தம்.

மெக்கின் தலையில் முடி படிந்தது. காதுகள் பின்னால் மடங்கின. ஒரு கை தடவுவதுபோல. ஒருமுறை. இன்னொரு முறை.

வாசற்படியில் பூட்ஸ் சேற்றை வழிக்கும் இரும்பு உண்டு.

சர்ரக்... சர்ரக்...

யாரோ கால் துடைத்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம். ஒரு கை தூரம்.

பயந்துதான் இருந்தேன், ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று எழும்பியது. இரண்டு வருடமாக எதற்காகத் தாழ் போடாமல் இருந்தேனோ, அது.

"ஐரீன்?" என்றேன். "நீயாம்மா?"



கதவிடுக்கு வழியாகப் புகையிலை வாசம் வந்தது. ஈரமான, மட்டமான, சுருட்டிப் பிடிக்கும் புகையிலை. ஐரீன் அந்த வாசனை பட்டாலே ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

வந்தது என் ஆள் இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக. செத்தவர்கள் வருவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். என்னிடம் வரவில்லை. நாயிடம் வந்தார்கள்.

மெக் உள்ளே வந்தாள். படியில் கிடந்த முயலைக் கவ்விவந்து என் மடியில் வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. அவள் எச்சில் என் கைமேல் சொட்டியது. முயலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஞாயிறு காலை ரெஜ் வந்தான். மெக் அவனை ஏறெடுத்துப் பார்த்தாள். பிறகு முன்பின் தெரியாதவளைப்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெஜ் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், மறுபடி சிரித்தான்.

"அவன் நாயேதான். ஆமோஸ் லம்லியோட நாய். சந்தையில நான் எதிரே வந்தா சொந்த எஜமானையே யாருன்னு தெரியாத மாதிரி தாண்டிப் போகும். அப்படிப் பழக்கியிருந்தான் கேடி. முப்பது வருஷம் துரத்தினேன்டா டெஸ். ஒருநாள் கையும் களவுமா பிடிச்சதில்ல."

"அந்த வலது கால்?"

"அவனுக்கு வலது கையில கட்டைவிரல் கிடையாது. கத்தி எப்பவும் இடது கைதான். இந்த வட்டாரத்துல வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

"அவர் எப்ப இறந்தார்?"

"அக்டோபர்ல. பழைய ரயில் பாதையோரம் ஒரு குடிசை. மூச்சு நின்னு ஒன்பது நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்க." ரெஜ் குரலைத் தணித்தான். "மேஜையில அவன் தலை சாய்ஞ்சு கிடந்தது. முன்னாடி முயல் குழம்பு, ஒரு வாய்கூடச் சாப்பிடல. நாய்க்குத் தனியா தட்டுல போட்டு வெச்சிருந்தான். அதுவும் அப்படியே இருந்ததுடா. ஒன்பது நாள். தண்ணியை மட்டும் குடிச்சிட்டுக் காலடியில கிடந்திருக்கா."

"ஏன்?"

"வேட்டை நாய் வளர்க்கிறவங்க வழக்கம்டா அது. முதல்ல ஆள். அவன் கடைசி வாயை முழுங்கின அப்புறம்தான் நாய். அவன் சாப்பிடல. அதனால இவளும் சாப்பிடல."

பாலினின் வாயில் எப்போதும் இருக்கும் சாண்ட்விச்சை நினைத்துக்கொண்டேன். என் கொட்டகையை நினைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் வைத்த பாலாடைக்கட்டியை. வாசற்படியில் மூன்று முயல்கள். அவை நாய்க்குக் கொண்டுவரப்பட்டவை அல்ல, எனக்கு.

"அந்தக் கத்தி இப்ப எங்கே, ரெஜ்?"

"அவனுக்குச் சொந்தம்னு யாரும் இல்ல. சவப்பெட்டியை நான்தான் தூக்கினேன். மூடுறதுக்கு முன்னாடி, அவன் கோட்டுப் பையில கத்தியை என் கையாலயே வெச்சேன். மண்ணுக்கடியில இருக்குடா டெஸ்."

அன்று மாலை மூன்றாவது முயலை உரித்து வெங்காயமும் காரட்டும் போட்டு வேகவைத்தேன். மேஜையைத் துடைத்தேன். மெக்கின் பங்கை ஆறவைத்துத் தட்டில் போட்டுத் தரையில் வைத்தேன். ஐரீனின் நாற்காலிக்கு எதிரே, என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் வாய் தொண்டையில் இறங்கவில்லை. அழுகையோடு சேர்த்து விழுங்கினேன். மெக் என் முள்கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தலை மேலே போய்க் கீழே வந்தது. கடைசித் துண்டை விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளினேன்.

அவள் பற்கள் கடகடவென்று அடித்தன. பிறகு குனிந்தாள். தட்டு காலியாகும் வரை நிமிரவில்லை.

நாலுக்குப் பத்து எப்போதோ தாண்டியிருந்தது. விசில் கேட்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை.

லர்ச்சர் வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகச் சொல்கிறேன். நாய் சாப்பிடவில்லை என்றால் தட்டை மாற்றாதீர்கள், தீனியை மாற்றாதீர்கள். அதன் கண்முன்னே மேஜையில் உட்கார்ந்து முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். பிறகு அது சாப்பிடும்.